தூக்கும் கையும் துடிக்கும் இதயமும்

எர்ணாகுளம் பிராட்வேயை அறியாத தமிழ்க் குடும்பம் கொச்சியில் இருக்க முடியாது. மட்டாஞ்சேரியில் குடியிருப்பவர்கள்கூடக் கல்யாணத் துணிக்கும், தீபாவளி மத்தாப்புக்கும், பள்ளி திறக்கும்போது புத்தகப் பைக்கும் பாலம் கடந்தோ படகேறியோ அங்கேதான் வருகிறோம். அந்தக் குறுகிய தெருவில் தினமும் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. கடைக்குள்ளே கல்லாவில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். வாசலில் இன்னொருவர் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடப்பார். முன்னவர் காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டரைக்குத்தான் எழுந்திருப்பார். பின்னவருக்கு உட்கார நேரமே கிடைக்காது.

இந்த இருவரில் யாருடைய இதயம் நன்றாக இருக்கும்? "நிழலில் இருப்பவருக்குத்தான் சுகம்" என்று நாம் நினைப்பது வழக்கம். மருத்துவ உலகம் வேறு மாதிரிச் சொல்கிறது. பிசியோதெரபி சிகிச்சையாளனாக இந்த ஊரில் நம்மவர்கள் பலரைப் பார்த்து வருகிறவன் என்ற முறையில், நம் மலர் வாசகர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல விரும்புகிறேன். நடைப்பயிற்சி நல்லது என்பதை எல்லோரும் அறிவோம். நடையோடு சேர்த்துத் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்பதை நம்மில் பலர் இன்னும் அறியவில்லை. அறிந்தவர்களும் அது வாலிபப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

ஐந்து எண்கள்

மருத்துவர்கள் 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இது தனி வியாதி அல்ல. சாப்பிட்ட உணவை உடல் எரிபொருளாக மாற்றிக்கொள்ளும் வேலையில் ஏற்படும் கோளாறுகள் ஒன்று சேர்ந்து வருவதற்குப் பெயர்தான் அது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரால்டு ரீவன் 1988-ல் நிகழ்த்திய ஒரு சொற்பொழிவில் இதற்கு 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பெயரிட்டார். இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் சரியாகக் கீழ்ப்படியாமல் போவதே இதன் வேர் என்று அவர் விளக்கினார்.

2009-ல் பல சர்வதேச மருத்துவ அமைப்புகள் கூடி இதற்குப் பொதுவான அளவுகோலை வகுத்தன. கீழ்க்கண்ட ஐந்தில் எவையேனும் மூன்று இருந்தால் அந்தக் கோளாறு உண்டு என்று பொருள். இவற்றுக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கணக்கில் சேர்வார்கள்.

1. இடுப்புச் சுற்றளவு: நம் நாட்டு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ., அல்லது அதற்கு மேல்.
2. ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு: 150 அல்லது அதற்கு மேல்.
3. எச்.டி.எல். என்ற நல்ல கொழுப்பு: ஆண்களுக்கு 40-க்குக் கீழ், பெண்களுக்கு 50-க்குக் கீழ்.
4. இரத்த அழுத்தம்: மேல் எண் 130 அல்லது கீழ் எண் 85, அல்லது அதற்கு மேல்.
5. வெறும் வயிற்றில் சர்க்கரை: 100 அல்லது அதற்கு மேல்.

ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் "கொஞ்சம்தானே கூட இருக்கிறது" என்று தோன்றும். ஆனால் இந்தக் 'கொஞ்சங்கள்' கூட்டணி சேரும்போதுதான் இதயக் குழாய்களுக்கு ஆபத்து.

நம்மவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. இன்டர்ஹார்ட் என்ற 52 நாட்டு ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் சலீம் யூசுப். இதே கேரளத்தின் கொட்டாரக்கரையில் பிறந்து கனடாவில் பணியாற்றுபவர். அந்த ஆய்விலிருந்து 2007-ல் வெளிவந்த கணக்கின்படி, தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது. மற்ற நாட்டினருக்கு ஏறக்குறைய 59 வயதில். ஆறு வருடம் முந்திக்கொள்கிறது! 53 வயது என்றால் நம் குடும்பங்களில் மூத்த பெண்ணுக்கு வரன் பார்க்கும் வயது, பையன் கல்லூரியில் படிக்கும் வயது. சொந்த ஊரிலென்றால் அண்ணன் தம்பி, பங்காளி என்று தாங்கிப் பிடிக்க நாலு பேர் வருவார்கள். பிழைக்க வந்த ஊரில் கல்லாவில் இருப்பவர் படுத்துவிட்டால் கடையும் படுத்துவிடும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை டாக்டர் மோகனின் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. அதில் பெரியவர்களிடையே சர்க்கரை நோய் தமிழ்நாட்டில் 14.4 சதவிகிதம், கேரளத்தில் 25.5 சதவிகிதம். நாம் குடிவந்திருக்கும் மண்ணில் நான்கில் ஒருவருக்கு!

மூட்டை தூக்கியவர்களின் கணக்கு

உடல் உழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை முதலில் தெளிவாகக் காட்டியவர் டாக்டர் ஜெர்ரி மாரிஸ். லண்டன் மாடி பஸ்களில் டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் நாள் முழுவதும் மாடிப்படி ஏறி இறங்குவார். ஒரே பஸ், ஒரே ஊர். ஆனால் கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக வந்ததை 1953-ல் மாரிஸ் எடுத்துக்காட்டினார்.

துறைமுக ஊர்க்காரர்களான நமக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வு ஒன்று உண்டு. சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கிய 6,351 தொழிலாளர்களை டாக்டர் பாஃபன்பர்கர் 22 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1975-ல் முடிவை வெளியிட்டார். கனமான சுமை தூக்கியவர்களிடையே இதய நோயால் ஏற்பட்ட மரணம், இலேசான வேலை பார்த்தவர்களிடையே ஏற்பட்டதில் ஏறக்குறைய பாதிதான்.

இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக்கே மூட்டை தூக்கக் கிளம்பிவிட வேண்டாம்! சுமைத் தொழிலாளிகளின் கழுத்து வலியையும் முதுகு வலியையும் நான் நன்கு அறிவேன். ஓய்வில்லாமல், அளவில்லாமல், வயிற்றுப்பாட்டுக்காகத் தூக்குவது வேறு. அளவோடு, ஓய்வோடு, முறையாகத் தூக்குவது வேறு. முன்னது தேய்மானம், பின்னது பயிற்சி.

நம் முன்னோர்களுக்கு இது புதிதல்ல. தென் மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல் இருந்தது. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை எல்லாம் இருந்தன. அம்மியும் ஆட்டுக்கல்லும் உலக்கையும் தாய்மார்களின் கையை உரமாக வைத்திருந்தன. கோட்டைக் கொச்சி வெளியில் உள்ள தோபிக் கானாவுக்குப் போய்ப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக நம் தமிழ்ச் சகோதரர்கள் ஈரத் துணியைப் பிழிந்து, ஓங்கி அடித்து, தூக்கிக் காயப்போடுகிறார்கள். நம்மில் மற்றவர்களுக்கு மிக்ஸியும் வாஷிங் மெஷினும் லிப்டும் வந்துவிட்டன. வந்தது நல்லதுதான். ஆனால் அந்த வேலைகளோடு சேர்ந்து வந்த வலு போய்விட்டது. அதை வேறு வழியில் சம்பாதித்தாக வேண்டும்.

தசை வெறும் சதையல்ல

தசைக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்? நாம் இட்லியோ புட்டோ சாப்பிட்டதும் அது சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. இன்சுலின் கதவைத் திறந்துவிட, சர்க்கரை இரத்தத்தை விட்டு உள்ளே போகிறது. அதில் மிகப் பெரும் பங்கைப் பெற்றுக்கொள்வது நம் தசைகளே. பிராட்வே மொழியில் சொன்னால் தசைதான் குடோன். சரக்கு வந்துகொண்டே இருக்கிறது, குடோனோ சின்னது, கதவும் துருப்பிடித்துவிட்டது என்றால் என்ன ஆகும்? சரக்கு தெருவில் கிடக்கும். இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதும், மிஞ்சியது கொழுப்பாகி வயிற்றிலும் ஈரலிலும் படிவதும் இப்படித்தான்.

தசையை வேலை வாங்கும்போது மூன்று நன்மைகள் நடக்கின்றன. முதலாவது, சுருங்கி விரியும் தசை இன்சுலினை எதிர்பாராமல் தானாகவே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். பயிற்சி முடிந்து பல மணி நேரம் வரை இன்சுலினின் சொல்லுக்கும் கூடுதலாகக் கீழ்ப்படியும். இரண்டாவது, வாரக்கணக்கில் தொடரும்போது குடோனே பெரிதாகிறது. மூன்றாவது, இரத்தக் குழாய்களின் உட்சுவர் இளக்கம் பெற்று அழுத்தம் குறைகிறது. கால் வலுத்தவர் இரண்டு மாடி ஏறும்போது இதயம் படும் பாடும் குறைவு.

முப்பது வயதைத் தாண்டியபின் உபயோகிக்காத தசை மெல்ல மெல்லக் கரைகிறது. அறுபதுக்கு மேல் அந்த வேகம் கூடுகிறது. எடை மெஷின் இதைக் காட்டாது. தசை போன இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்தால் எடை அதேதான்!

"நான் ஒல்லிதானே, எனக்கென்ன?" என்று கேட்பவர்கள் புனே டாக்டர் யாஜ்னிக்கின் கதையைக் கேட்க வேண்டும். அவரும் லண்டன் டாக்டர் யுட்கினும் சேர்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம் ஒன்று 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் உடம்பிலுள்ள கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவிகிதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவிகிதம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. இதுவே நம் நாட்டு உடல்வாகு. ஆகவே எடை குறைத்தால் மட்டும் போதாது, தசையும் சேர்க்க வேண்டும். பட்டினி கிடந்து இளைப்பவர்கள் கொழுப்போடு தசையையும் இழக்கிறார்கள்.

2015-ல் அதே டாக்டர் யூசுப்பின் குழுவினர் 17 நாடுகளில் ஏறக்குறைய 1,40,000 பேரின் கைப்பிடி வலுவைக் கருவியால் அளந்த ஆய்வை வெளியிட்டார்கள். பிடிப்பு 5 கிலோ குறையக் குறைய, இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவிகிதம் வீதம் கூடியிருந்தது. மரணத்தை முன்கூட்டிக் காட்டுவதில் இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைவிடக் கைப்பிடியே சிறந்த அடையாளமாக இருந்தது. இதற்காக ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டிருந்தால் போதும் என்று அர்த்தமல்ல. கைப்பிடி முழு உடம்பின் வலுவுக்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

எவ்வளவு செய்தால் போதும்?

இங்கேதான் ஒரு நல்ல செய்தி. அமெரிக்க இதயச் சங்கம் 2023-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, வாரத்துக்கு மொத்தம் 30 முதல் 60 நிமிடம் வலுப் பயிற்சி செய்தாலே பெரும்பாலான பலன் கிடைத்துவிடுகிறது. இப்படிச் செய்பவர்களிடையே இதய நோய் 17 சதவிகிதம் குறைவாகக் காணப்பட்டது. 7,418 பேரைத் தொடர்ந்து கவனித்து 2017-ல் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆய்வில், வாரம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக வலுப் பயிற்சி செய்தவர்களுக்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் வருவது 29 சதவிகிதம் குறைவு.

அப்படியானால் நடையை விட்டுவிடலாமா? கூடாது. சர்க்கரை நோயாளிகள் 262 பேரை வைத்து நடத்தி 2010-ல் வெளியிட்ட ஆய்வில், நடை மட்டும் செய்தவர்களுக்கும், எடைப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை குறிப்பிடத்தக்க அளவு இறங்கவில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கே இறங்கியது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னதும் அதுவே: வாரம் குறைந்தது 150 நிமிடம் வேக நடை போன்ற பயிற்சி, அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது வலுப் பயிற்சி. சுபாஷ் பார்க்கிலும் மெரின் டிரைவிலும் நடப்பவர்கள் அதைத் தொடருங்கள். இடவப்பாதி மழையில் நடை நின்றுபோகும் நாட்களிலும் வலுப் பயிற்சியை வீட்டுக்குள்ளேயே செய்யலாம் என்பது கேரளவாசிகளுக்கு ஒரு சௌகரியம்.

இரத்த அழுத்தக்காரர்களுக்கு இன்னொரு செய்தி. 270 ஆய்வுகளைத் தொகுத்து 2023-ல் வெளிவந்த கணக்கில், அசையாமல் நின்று தசையை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி மேல் எண்ணைச் சராசரியாக 8 புள்ளி குறைத்தது. நடை, ஓட்டம் போன்றவையும் எடைப் பயிற்சியும் நாலரைப் புள்ளி அளவே குறைத்தன. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தது போல நிற்பதுதான் அந்தப் பயிற்சி.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

ஜிம்முக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விட்டு, 20 முதல் 25 நிமிடம் ஒதுக்குங்கள். ஐந்து நிமிடம் கை கால்களை வீசி உடம்பைச் சூடாக்கிக்கொண்டு ஆரம்பியுங்கள்.

நாற்காலிப் பயிற்சி: கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து, மெதுவாக உட்காருங்கள். 10 முதல் 15 தடவை.

சுவர்த் தண்டால்: சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, தண்டால் எடுப்பது போல. பழகியபின் சமையலறை மேடையில் ஊன்றிச் செய்யலாம்.

பாட்டில் தூக்குதல்: ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஏறக்குறைய ஒரு கிலோ. இரு கையிலும் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டுவது, தோளுக்கு மேல் உயர்த்துவது.

பை இழுத்தல்: ஒரு கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து, மறு கையால் மூன்று கிலோ அரிசிப் பையை விலா வரை இழுத்து இறக்குவது. முதுகு நேராக இருக்கட்டும்.

குதிகால் உயர்த்துதல்: சுவரைத் தொட்டுக்கொண்டு முன்பாதத்தில் எழும்பி இறங்குவது. கல்லாவில் இருப்பவர்கள் கடையிலேயே செய்யலாம்.

சுவர் உட்காரல்: முதலில் 20, 30 விநாடி போதும். பழகப் பழக இரண்டு நிமிடம் வரை போகலாம். நடுவே ஓய்வு விட்டு நான்கு தடவை.

ஒவ்வொன்றையும் முதல் மாதம் ஒரு சுற்று, பிறகு இரண்டு சுற்று. கடைசி இரண்டு மூன்று தடவை கொஞ்சம் சிரமமாக இருக்க வேண்டும். 15 தடவை சிரமமே இல்லாமல் முடிந்தால் எடையைச் சிறிது கூட்டுங்கள். கூட்டிக்கொண்டே போகாவிட்டால் தசைக்கு வளரக் காரணமில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மூச்சு. தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், இறக்கும்போது உள்ளே இழுங்கள். தம் கட்டினால் இரத்த அழுத்தம் ஒரே பாய்ச்சலாக ஏறிவிடும். சுவரில் நிற்கும்போதும் பேசிக்கொண்டோ ஒன்று, இரண்டு எண்ணிக்கொண்டோ நில்லுங்கள்.

தசை வளர உணவில் புரதமும் வேண்டும். சுண்டல், பயறு, பருப்பு, மோர், முட்டை, கொச்சிக்கே உரிய மத்தி மீன் எல்லாம் இருக்கின்றன. சோற்றைக் குறைத்துக் கூட்டைக் கூட்டினால் பாதி வேலை முடிந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை தேவைப்படுபவர்கள்

நெஞ்சு வலி, காரணமில்லாத மூச்சிரைப்பு, மயக்கம் உள்ளவர்களும், மாரடைப்பு வந்தவர்களும், ஸ்டென்ட் வைத்தவர்களும் இதய மருத்துவரின் அனுமதி பெற்றே தொடங்க வேண்டும். அனுமதி பெற்றபின் அவர்களுக்கும் இந்தப் பயிற்சி நல்லதே. இரத்த அழுத்தம் 180-க்கோ 110-க்கோ மேல் நிற்பவர்கள் முதலில் மருந்தால் அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரையால் கண்ணின் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் கண் மருத்துவரைக் கேளுங்கள். இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் செய்யக்கூடாது. கைப்பக்கம் கொஞ்சம் சர்க்கரை இருக்கட்டும். பயிற்சியின்போது நெஞ்சில் பாரமோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். "வாயுவாக இருக்கும்" என்று காத்திருக்க வேண்டாம்.

பயில்வான் ஆவதற்கல்ல

58 வயதுக் கடைக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். மேலே சொன்ன ஐந்தில் நான்கு அவருக்கு இருந்தது. நான் பயிற்சியைச் சொன்னதும், "என்ன தம்பி, இந்த வயசுல என்னைப் பயில்வான் ஆகச் சொல்லுதியளா?" என்று சிரித்தார்.

"இல்லை அண்ணாச்சி, தரையில உட்கார்ந்தா கை ஊனாம எழுந்திருக்கணும், அவ்வளவுதான்" என்றேன்.

"அது ஆச்சே அஞ்சாறு வருஷம்! சபரிமலைக்குப் போயே நாலு வருஷமாச்சு. நீலிமலை ஏற்றத்துல மூச்சு முட்டுது."

அவருடைய மருத்துவரிடம் அனுமதி பெற்று, நாற்காலிப் பயிற்சியில் ஆரம்பித்தோம். முதல் நாள் ஆறு தடவைக்கு மேல் முடியவில்லை. ஐந்து மாதத்தில் இடுப்பளவு 4 செ.மீ. குறைந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இறங்கின. எடை ஒரு கிலோதான் குறைந்தது. அதில் அவருக்கு வருத்தம்! கொழுப்பு போன இடத்தில் தசை வந்திருக்கிறது என்று விளக்கினேன். மாத்திரையை நிறுத்தவில்லை. நிறுத்துவதும் குறைப்பதும் மருத்துவரின் வேலை. அந்தக் கார்த்திகையில் இருதயப் பரிசோதனை செய்துகொண்டு மாலை போட்டார். நீலிமலையில் நின்று நின்று ஏறினாராம், ஆனால் ஏறிவிட்டார்.

நம் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. "வீட்டு வேலையே போதாதா?" என்கிறீர்கள். வீட்டு வேலை களைப்பைத் தரும். ஆனால் தசைக்குப் படிப்படியாகக் கூடும் பாரம் அதில் இல்லை. மாதவிடாய் நின்றபின் இதயத்துக்கு இருந்த பாதுகாப்பு குறைகிறது, எலும்பும் மெலிகிறது. இரண்டுக்கும் இந்தப் பயிற்சி உதவும். உடம்பு ஆண்பிள்ளை போல் ஆகிவிடும் என்ற பயம் வேண்டாம், இரண்டு கிலோ பையால் அப்படி ஆகாது.

நம் சங்கக் கூட்டங்களில் சாப்பாட்டுக்கு முன்னால் பதினைந்து நிமிடம் எல்லோரும் சேர்ந்து இதைச் செய்தால் என்ன? இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றும் அளவு நாடா ஒன்றும் இருந்தால் போதும். ஒரு நோட்டில் அவரவர் இடுப்பளவையும், அரை நிமிடத்தில் எத்தனை தடவை நாற்காலியிலிருந்து எழ முடிகிறது என்பதையும் குறித்து வைப்போம். ஆறு மாதம் கழித்து அதே நோட்டைப் பிரித்துப் பார்ப்போம். செயற்குழு இதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். சொல்லிக்கொடுக்க நான் தயார்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். சுவருக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குவோம்.